மருமகளின் குடும்பப் பெயர் எந்த ஊர்?

(வாசகர் கேள்வி–பதில் பகுதி. இம்முறை பிலிப்பைன்ஸ் பெயர்கள் பற்றி வந்த கேள்விகள் மட்டும். பதில் தருபவர் சரக்குக் கப்பல்களில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் பிலிப்பினோ மாலுமிகளோடு கடலில் இருந்தவர்.)

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். தங்கமான பெண். அவளுடைய குடும்பப் பெயர் ‘ஆர்’ எழுத்தில் ஆரம்பிக்கிறது. மணிலாக்காரர்களே அப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்கிறார்களாம். ஸ்பானியப் பெயர் மாதிரி இருப்பதால் ‘ஸ்பெயின்காரர் வம்சம்’ என்று எங்கள் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையா? இந்தப் பெயர் உலகத்தில் எத்தனை பேருக்கு இருக்கும்? அவளுக்குச் சொந்த ஊர் அல்பாய் மாகாணம். (பெயரை அச்சிட வேண்டாம்.)
— ஒரு மாமியார், காரைக்கால்

பதில்: அம்மா, பெயரை அச்சிடவில்லை. நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்ததும் நான் முதலில் கேட்க நினைத்தது, உங்கள் மருமகளின் அப்பாவுக்கு ஓவாஸ் ஊரா என்பதுதான். அல்பாய் மாகாணத்தில் ஓவாஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே பழங்குடும்பங்களின் பெயர்கள் பெரும்பாலும் ‘ஆர்’ எழுத்தில்தான் தொடங்கும். கோயில் மணியக்காரர், மீன் விற்பவர், பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று யாரை எடுத்தாலும் ‘ஆர்’.

இது தற்செயலாக நேர்ந்ததில்லை. 1849 நவம்பர் 21ஆம் தேதி, பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பானிய கவர்னர் ஜெனரல் நார்சீசோ கிளவேரியா ஓர் ஆணை போட்டார். அதுவரை அந்நாட்டு மக்களில் பெரும்பாலோருக்கு, நமக்கு இன்றும் இல்லாதது போலவே, தலைமுறைக்குத் தலைமுறை இறங்கி வரும் குடும்பப் பெயர் கிடையாது. ஞானஸ்நானத்தில் கிடைத்த புனிதர் பெயரோடு இன்னொரு புனிதர் பெயரையோ ‘டெலா குரூஸ்’, ‘டெ லோஸ் சாந்தோஸ்’ போன்ற பக்திப் பெயரையோ சேர்த்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு வேறு பெயர், அண்ணன் தம்பிக்குள்ளேயே வெவ்வேறு பெயர். ஊருக்கு ஊர் ஆயிரக்கணக்கான டெலா குரூஸ்கள். வரி வசூலிப்பவருக்கும் நீதிமன்றத்துக்கும் இது பெரிய தலைவலி. ஊரை விட்டுப் போனவனைத் தேடிப் பிடிக்க முடியாது. மணமக்கள் நெருங்கிய ரத்த உறவா என்று பார்க்க வேண்டிய சாமியாருக்கும் இதே சிக்கல்.

கிளவேரியா ஒழுங்கில் பிடிவாதமானவர். ஸ்பெயினிலிருந்து மெக்சிகோ வழியாக வந்து குடியேறிய காரணத்தால் பிலிப்பைன்ஸ் காலண்டர் அக்கம்பக்கத்து நாடுகளை விட ஒரு நாள் பின்தங்கியே இருந்தது. அதைச் சரிசெய்ய 1844 டிசம்பர் 31ஆம் தேதியையே அவர் நீக்கிவிட்டார். திங்கட்கிழமை படுத்தவர்கள் புதன்கிழமை, 1845 ஜனவரி 1 அன்று எழுந்தார்கள். நாளையே எடுத்தவருக்குப் பெயரைக் கொடுப்பதா கஷ்டம்?

பெயர்களுக்காக ஒரு பட்டியல் அச்சடித்தார்கள். 141 பக்கங்கள், சுமார் 61,000 பெயர்கள், எல்லாம் அகர வரிசையில். துறவற சபைகளின் சாமியார்கள் திரட்டிய உள்ளூர்ச் சொற்கள், கைக்குக் கிடைத்த ஸ்பானியக் குடும்பப் பெயர்கள், மரம், செடி, கல், கனிமம், ஊர், தொழில் என்று கலந்து கட்டிய பட்டியல் அது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் அதில் சில பக்கங்கள் போயின. மாகாண அதிகாரி அந்தப் பக்கங்களை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார். ஊரில் பராங்காய்த் தலைவர், அதாவது சில பத்துக் குடும்பங்களிடம் வரி வசூலிக்கும் பொறுப்பாளர், தன் கணக்கில் உள்ளவர்களைக் கூட்டி வருவார். குடும்பத்தின் தகப்பனோ மூத்தவரோ பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது அவருக்கு ஒன்று கொடுக்கப்படும். அன்றிலிருந்து அவருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும் அதுதான் பெயர்.

மாகாண அதிகாரி எப்படிப் பிரித்தார் என்பதில்தான் உங்கள் மருமகளின் கதை இருக்கிறது. பல மாகாணங்களில் அவர்கள் பக்கங்களைக் கலைக்காமல், எழுத்து வரிசைப்படி அப்படியே ஊர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று அல்பாய், இன்றைய சோர்சோகோனையும் கட்டாண்டுவானஸ் தீவையும் சேர்த்த பெரிய மாகாணம். தலைநகரில் ‘ஏ’ தொடங்குகிறது. கடற்கரையோரம் திவி என்ற ஊர் வரை ‘பி’, ‘சி’. சோர்சோகோன் கரையில் ‘ஈ’ முதல் ‘எல்’ வரை. பிறகு உள்நாட்டில் டராகாவில் ‘எம்’ எழுத்தைப் பிடித்துப் பள்ளத்தாக்கு வழியே போலாங்கி, லிபோன் பக்கம் ‘எஸ்’ வரை வருகிறது. மிச்ச எழுத்துகள் கட்டாண்டுவானஸ் தீவைச் சுற்றி முடிகின்றன. ஓவாஸ் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அதன் பங்குக்கு ‘ஆர்’ வந்தது. இந்த வரிசையை விவரமாக எழுதிவைத்தவர் பிக்கோல் வரலாற்றாளர் டொமிங்கோ அபெல்லா. பழைய பட்டியலை பிலிப்பைன்ஸ் தேசிய ஆவணக் காப்பகம் 1973இல் மறுபதிப்பாக வெளியிட்டபோது அதற்கு முன்னுரை எழுதியவர் அவர்.

இலோயிலோ மாகாணத்திலும் இதே கதை. ஓட்டோன் ஊரில் ‘ஓ’, டிக்பாவானில் ‘டி’, கிம்பாலில் ‘ஜி’. ஊர்ப் பெயரின் முதலெழுத்தே குடும்பப் பெயரின் முதலெழுத்தும் ஆகிவிட்டது. மாலுமிகளுக்குப் பேர்போன மாகாணம் அது. என்னோடு இருந்தவர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள்தான். துறைமுகத்தில் குடியேற்ற அதிகாரிக்குக் கொடுக்கும் ஆள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இன்ஜின் அறை வேலைக்குப் புதிதாக ஏறிய ஓர் ஆயிலரிடம் “உனக்கு ஓட்டோனா?” என்று கேட்டேன். “சீஃப், நீங்க எங்க ஊருக்கு வந்திருக்கீங்களா?” என்று அவன் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. அன்றிலிருந்து எனக்கு அந்த மக்களின் பெயர்களில் அப்படி ஒரு பற்று.

ஆகவே, அம்மா, ஸ்பானிய வம்சம் என்ற பேச்சை உங்கள் சொந்தக்காரர்கள் விட்டுவிடலாம். பெயர் ஸ்பானியம் என்பதால் ரத்தமும் ஸ்பானியம் ஆகிவிடாது. பிலிப்பைன்ஸுக்கு வந்து குடியேறிய ஸ்பானியர்கள் எப்போதும் மிகச் சிறிய கூட்டம். 1850 வாக்கில் ஓவாஸில் ஒரு நெல் விவசாயியோ அபாக்கா நார் உரித்தவரோ ஒரு காகிதத்திலிருந்து எடுத்துக்கொண்ட பெயர் அது என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். எனக்கு இதுதான் பெருமையாகத் தெரிகிறது. யாரோ ஒரு கவர்னரின் பட்டியலில் இருந்த வெற்றுச் சொல்லுக்கு உயிர் கொடுத்து, ஆறேழு தலைமுறை அதைக் காப்பாற்றிக் கொண்டுவந்து, உங்கள் பேரப்பிள்ளை வரை சேர்த்தது அந்தக் குடும்பம். இல்லாத கப்பல்தலைவனை மூதாதையாகத் தேடிப் போவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பப் பெயர்களை எண்ணிக்கை போட்டுக் காட்டும் தளங்கள் இணையத்தில் உண்டு. அவை தரும் எண் மதிப்பீடுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லை. டெலா குரூஸ், கார்சியா, ரேயஸ், சாந்தோஸ் போன்ற பெரிய பெயர்களுக்கு அது பொருந்தலாம். அரிய பெயர்களுக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பெயர் ஏன் அரிதாகிறது என்று புரிந்துகொள்வது இன்னும் உபயோகம். 1850இல் ஒரே ஒரு தகப்பன் எடுத்த பெயர் என்றால், இன்று அதை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவருடைய மக்களாகவே இருக்கக்கூடும். பெயர் மகன் வழியாக மட்டுமே முழுதாக இறங்கும். ஒரு தலைமுறையில் எல்லாம் பெண் குழந்தைகளாகப் பிறந்தால் அந்தக் கிளையில் பெயர் நின்றுவிடும். அப்படிச் சுருங்கிச் சுருங்கிச் சில வீடுகளில் மட்டும் மிஞ்சிய பெயர்கள் உண்டு. எழுத்துப் பிழையாலும் புதுப் பெயர் பிறக்கும். ஞானஸ்நானப் புத்தகத்தில் ஓர் எழுத்தைச் சுழித்து எழுதியிருப்பார்கள். பிறகு வந்த குமாஸ்தா அதை வேறாகப் படித்திருப்பார். உலகில் இல்லாத ஒரு பெயர் உருவாகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆணைப்படி பெயர் போனது தகப்பனுக்கும் நேர் வாரிசுக்கும். தனித்தனியே குடித்தனம் செய்த அண்ணன் தம்பிகள் இரண்டு பெயர் எடுத்திருக்கலாம். அதனால் ‘ஆர்’ எழுத்தில் வேறு பெயர் கொண்ட பக்கத்து வீட்டுக்காரர், ஒரே பெயர் கொண்ட மணிலாக்காரரை விட உங்கள் மருமகளுக்கு நெருங்கிய பங்காளியாக இருக்க வாய்ப்பு உண்டு.

தேட ஆசைப்பட்டால், பின்னோக்கிப் போங்கள். முதலில் அவள் அப்பாவின் பிறப்புச் சான்றிதழ். பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். பிறகு தாத்தா. அந்நாட்டின் பிறப்பு–இறப்புப் பதிவுச் சட்டம் 1930இல் வந்தது. அதற்கு முந்தைய காலத்துக்கு ஊர்ப் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள்தான் துணை. பல ஊர்களின் பதிவேடுகளை மார்மன் சபையார் நுண்படமாக எடுத்து, ஃபேமிலி சர்ச் என்ற இலவசத் தளத்தில் வைத்திருக்கிறார்கள். முதலில் அங்கே பாருங்கள். புயல், தீ, கரையான், 1945 மணிலாச் சண்டை என்று எத்தனையோ ஏடுகள் போய்விட்டன. ஆனால் 1850க்கு முந்தைய பதிவு ஒன்று கிடைத்து, அதில் அதே மனிதர் வேறு பெயரில் இருந்தால் திகைக்காதீர்கள். நீங்கள் தேடி வந்த இடம் அதுதான்.

கேள்வி: நான் டாவாவோவில் எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். சீனியர் ஒருவர் இந்த ‘ஊருக்கு ஒரு எழுத்து’ கதையைச் சொன்னார். ஆனால் என் வகுப்பில் ஏ முதல் இசட் வரை எல்லாப் பெயரும் இருக்கிறது. கதை பொய்யா?
— மருத்துவ மாணவர், டாவாவோ (சொந்த ஊர் நாமக்கல்)

பதில்: பொய்யில்லை தம்பி, நீங்கள் நிற்கும் இடம் அப்படி. டாவாவோ ஸ்பானியர் கைக்குப் போனதே 1848இல், ஓயாங்குரென் என்பவர் படையெடுத்து வந்தபோது. பட்டியல் வந்த சமயம் அங்கே பெயர் கொடுக்கப் பெரிய கிறிஸ்தவக் குடியிருப்பே இல்லை. நகரம் பெருத்தது 20ஆம் நூற்றாண்டில், விசாயா தீவுகளிலிருந்தும் லூசோனிலிருந்தும் நிலம் தேடி வந்தவர்களால். ஒவ்வொருவரும் தன் ஊர் எழுத்தைத் தன்னோடு கொண்டுவந்தார்.

அது மட்டுமல்ல. டாவாவோ இருக்கும் மின்டனாவோ தீவின் முஸ்லிம்களையும் மலைவாழ் மக்களையும் கிளவேரியாவின் ஆணை எட்டவேயில்லை. வடக்கே லூசோனின் கோர்டில்லெரா மலைகளிலும் அப்படித்தான். அவர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் வந்தது அமெரிக்கர் காலத்தில், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது. தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராக எழுதப்பட்டது. அப்படிப்பட்ட பெயர்கள் தேச அளவில் அரிது, ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்தவை. உங்கள் வகுப்பில் அப்படி யாராவது இருந்தால் அவருடைய தாத்தாவைப் பற்றிக் கேளுங்கள். ஆசையோடு சொல்வார்கள்.

கேள்வி: வினோபா பாவே, எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.என். சேஷன் எல்லோரும் வாங்கிய மகசேசே விருதின் பெயர் ஸ்பானியமாகத் தெரியவில்லையே? அப்படியானால் பழைய ராஜவம்சப் பெயரா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், விருத்தாசலம்

பதில்: ஐயா, அது தகாலோக் மொழிப் பெயர். விருது 1957இல் விமான விபத்தில் இறந்த ஜனாதிபதி ரமோன் மகசேசேயின் நினைவாக வந்தது. அவர் ஸம்பாலெஸ் மாகாணத்து இபா ஊரில் பிறந்தவர். ஆனால் உள்ளூர் மொழிப் பெயர் என்பதாலேயே அதைப் பழைய வம்சப் பெயர் என்று சொல்லிவிட முடியாது. கிளவேரியாவின் பட்டியலிலேயே உள்ளூர்ச் சொற்கள் ஏராளம். அதிலிருந்து எடுத்தவரும் உண்டு, முன்னரே வைத்திருந்தவரும் உண்டு. ஒரு பெயர் 1849க்கு முன் ஆவணத்தில் இருக்கிறதா என்பது ஒன்றுதான் சோதனை.

சோதனையில் தேறும் பெயர் ஒன்று சொல்கிறேன்: மக்கபகால். 17ஆம் நூற்றாண்டிலேயே டான் ஹுவான் மக்கபகால் என்பவர் ஆவணங்களில் வருகிறார். ஸ்பானியர் வந்தபோது, இன்று மணிலாவின் பகுதியாக இருக்கும் தொண்டோவை ஆண்ட லக்கன்துலாவின் வழிவந்தவர் அவர். 1961 முதல் 1965 வரை ஜனாதிபதியாக இருந்த தியோஸ்தாதோ மக்கபகாலும், பின்னர் ஜனாதிபதியான அவர் மகள் குளோரியாவும் அந்தக் கொடியைச் சொல்லிக்கொள்ளும் குடும்பம். ஆணையிலேயே இதற்கு வழி வைத்திருந்தார்கள். ஏற்கனவே குடும்பப் பெயர் உள்ளவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம். டெலா குரூஸ் போல எங்கும் நிறைந்த பெயரானால், நான்கு தலைமுறை புழங்கியதை நிரூபிக்க வேண்டும். லக்கன்துலா போன்ற பெயர்களை அந்த வம்சத்தார் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது. லக்கன்துலா வாரிசுகளுக்குத் தலைவரி விலக்கு இருந்தது. பெயரைத் திறந்துவிட்டால் ஊர் முழுக்க வரி கட்டாமல் போய்விடும் அல்லவா? அந்தப் பெயர் அரிதாக இருக்க வரிக் கணக்கும் ஒரு காரணம்.

கேள்வி: முன்னாள் ஜனாதிபதி கொராசோன் அக்கினோவின் பிறந்த வீட்டுப் பெயர் கோஹுவாங்கோ. சீனப் பெயர் போலவும் இல்லை, ஸ்பானியப் பெயர் போலவும் இல்லை. என்ன அது?
— வாசகர், ஈப்போ

பதில்: சீனப் பெயர்தான். ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்த ஒரு மூதாதையின் முழுப்பெயரும், கடைசியில் ‘கோ’ என்ற மரியாதைச் சொல்லும் (ஹொக்கியென் மொழியில் அண்ணன்) ஒட்டி ஒரே பெயரானது. யுச்செங்கோ, டியோங்கோ எல்லாம் அதே அச்சு. சீனாவில் தேடினால் இப்படி ஒரு குடும்பப் பெயரே கிடைக்காது. பிலிப்பைன்ஸ் மண்ணில் முளைத்தது. கொராசோன் ஜனாதிபதியாக இருந்தபோது 1988இல் அந்த மூதாதையின் கிராமத்துக்கே போய் வந்தார்.

பிலிப்பைன்ஸின் தேசிய நாயகர் ஹோசே ரிஸாலின் தந்தை வழியிலும் ஒரு லாம்கோ இருந்தார். அவர் 1697இல் மணிலாவில் ஞானஸ்நானம் பெற்ற சீனர். அவர் மகனுக்கு மெர்க்காதோ என்று பெயர் வைத்தார்கள். ரிஸால் என்பது கிளவேரியா ஆணைக்குப் பிறகு சேர்ந்தது. அண்ணன் பசியானோ மெர்க்காதோ அரசின் சந்தேகத்துக்கு ஆளாகியிருந்ததால், 1872இல் தம்பியைப் பள்ளியில் சேர்க்கும்போது ரிஸால் என்று சேர்த்தார்கள். பிறகு அந்தப் பெயரையே ஒரு தேசம் தன் நெஞ்சில் எழுதிக்கொண்டது.

கேள்வி: 1762இல் மதராஸிலிருந்து போன ஆங்கிலேயப் படையில் நம் சிப்பாய்களும் இருந்தார்களாமே. அங்கேயே தங்கிவிட்டவர்களின் பெயர்கள் ஏதாவது இன்று குடும்பப் பெயராக இருக்கிறதா?
— வரலாற்று ஆர்வலர், ராயபுரம்

பதில்: படை போனது உண்மை. ஜெனரல் டிரேப்பர் தலைமையில் மதராஸிலிருந்து கப்பலேறி 1762 அக்டோபரில் மணிலாவைப் பிடித்தார்கள். 1764இல் திரும்ப ஒப்படைத்தார்கள். படையை விட்டு விலகிய சிப்பாய்கள் சிலர், மணிலாவுக்குக் கிழக்கே இன்றைய ரிஸால் மாகாணத்தில் இருக்கும் கைந்தா ஊரில் குடியேறி, உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அவர்கள் வழிவந்தோர் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

ஆனால் குடும்பப் பெயரைக் கொண்டு அவர்களைத் தேடிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும் என்பது என் கருத்து. கத்தோலிக்கப் பெண்ணை மணக்க ஞானஸ்நானம் பெற வேண்டும். முனியனோ ராவுத்தரோ, அன்றே ஒரு ஹுவானாகவோ பெத்ரோவாகவோ ஆகியிருப்பார். 1849 ஆணை வந்தபோது அவர் பேரன், கொள்ளுப்பேரன் காலம். அவர்கள் முன்பும் மற்ற ஊர்க்காரர்களைப் போலவே பட்டியல்தான் நீட்டப்பட்டிருக்கும். கைந்தாவின் பழைய பங்குப் பதிவேடுகளில், பெயருக்குப் பக்கத்தில் பிறந்த இடம் ஏதாவது குறித்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. இந்த வேலையை நம் பக்கத்து ஆய்வு மாணவர் ஒருவர் எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மதராஸில் இருக்கும் கம்பெனிப் படை ஆவணங்களையும் அந்த ஏடுகளையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஆபீஸில் பிலிப்பினோக்களின் நடுப்பெயர் எல்லாமே குடும்பப் பெயர் மாதிரி இருக்கிறது. நம் இனிஷியல் போலவா?
— வாசகி, ஷார்ஜா

பதில்: நம் இனிஷியல் அப்பாவுடையது. அவர்களின் நடுப்பெயர் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். கொராசோனின் மகன் பெனிக்னோவின் நடுப்பெயர் கோஹுவாங்கோ. அரிய பெயர் கொண்ட பெண்ணுக்குக் கல்யாணமானாலும் அது அவள் பிள்ளைகள் வரைக்கும் நடுவில் நிற்கும். காரைக்கால் அம்மாவுக்கும் இது பயன்படும்: பேரப்பிள்ளையின் பிறப்பைப் பிலிப்பைன்ஸ் தூதரகத்தில் பதியும்போது, நடுப்பெயர்க் கட்டத்தில் மருமகளின் ‘ஆர்’ பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் அவளுடைய பிறப்புச் சான்றிதழில் இருப்பது போலவே எழுதச் சொல்லுங்கள்.